மதுரையில் முடிக்க வேண்டிய பல் வேலையை மதுரையிலேயே முடித்துவிட்டு வாருங்கள்

செல்லூரில் அம்மா வீட்டுக்கு லீவில் வந்திருக்கிறேன். பர்மிங்காமுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் இங்கிலாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, இட்லி அரிசி கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். இந்த முறை எதிர்வீட்டுப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். செப்டம்பரில் எம்.எஸ்சி. சேரப் போகிறாள். "அக்கா, இந்தப் பல்லை அங்க போய்ப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அவளுக்குச் சொன்னதையும், புதிதாக வந்தவர்கள் அங்கே என்னிடம் அடிக்கடி கேட்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போகும்போது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் மட்டும் செய்துகொண்டு, பல்லின் மேல் மாட்டுகிற உறையான கேப் போடாமல் கிளம்பிவிட்டேன். வலிதான் நின்றுவிட்டதே, கேப்பை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் ஏற்கெனவே சொத்தையில் பாதி போய், உள்ளே குடைந்து, மேலே அடைத்து நிற்கிற பல். மெல்லும் அழுத்தத்தைத் தாங்குவதற்குத்தான் கேப். அந்தக் குளிர்காலத்தில் அம்மா கொடுத்துவிட்ட சீடையைக் கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள் பொறுத்துக் கேப் போட்டுக்கொண்டு போயிருந்தால் அந்தப் பல் இன்றும் இருந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன்

விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். விமானம் ஏறும் நாளுக்கு ஆறேழு வாரம் முன்பே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். சாதாரணச் சொத்தையை அடைப்பது ஒரே நாள் வேலை. ரூட் கெனாலுக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டி வரலாம். கேப்புக்கு அளவெடுத்து, லேபிலிருந்து வந்து, மாட்டிச் சரிபார்க்க ஒரு வாரமாவது ஆகும். பல் பிடுங்கினால், இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அந்தக் குழியில் ரத்தக்கட்டு கலைந்து கடும் வலி வருவது உண்டு. அது வந்தால் திரும்ப அதே டாக்டரிடம்தான் போக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் பிடுங்கியிருந்தால் எங்கே போவீர்கள்?

சித்திரையில் கிளம்புகிறவர்கள் இன்னும் முன்னாலேயே ஆரம்பியுங்கள். அழகர் இறங்குகிற நேரத்தில் கோரிப்பாளையம் பக்கம் இருக்கிற டாக்டரிடம் எந்த வண்டியில் போய்ச் சேர்வது?

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். விசா, டிக்கெட், கல்லூரிப் பணம் என்று கையில் இருப்பதெல்லாம் கரைகிற நேரம் அது, புரிகிறது. கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இராசாசி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. கல்லூரியில் மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார். நேரம் பிடிக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் வேலையில் குறை இருக்காது, வெளியில் ஆவதை விடச் செலவும் குறைவு. அதே பல்லை இங்கிலாந்தில் தனியார் டாக்டரிடம் காட்டினால் ஆகும் செலவை நினைத்தால், இங்கே அரை நாள் உட்கார்ந்திருப்பது பெரிய விஷயமில்லை.

படிக்கப் போகிறவர்கள் ஞானப்பல்லைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அது 17-இலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும், சரியாக நீங்கள் கிளம்புகிற வயது. முழுத் தாடையும் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்தால், நேராக வருகிறதா, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு படுத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் போயிருந்தால் டாக்டர் சொல்படி எடுத்துவிட்டுப் போங்கள். தொந்தரவே இல்லாத ஞானப்பல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று நான்கையும் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

கிளம்புகிற வருஷத்தில் பல்லுக்குக் கம்பி மட்டும் போடாதீர்கள். ஒன்றரை, இரண்டு வருஷம் மாதாமாதம் முடுக்க வேண்டிய விஷயம் அது. பாதியில் எடுத்துக்கொள்ள அங்கே இன்னொரு டாக்டர் லேசில் சம்மதிக்க மாட்டார்.

விமானத்தில் பல் வலிக்குமா என்றும் கேட்கிறார்கள். நல்ல பல் வலிக்காது. ஆழமான சொத்தை, பாதியில் நிற்கிற ரூட் கெனால், அடைத்ததற்கு அடியில் இடைவெளி, இப்படி எங்கேயாவது காற்று அடைபட்டிருந்தால், மேலே போய்க் கேபினில் அழுத்தம் குறையும்போது அது விரிந்து வலிக்கும். சளி பிடித்திருந்தால் சைனஸ் வலியும் மேல்பல் வலி போலவே இருக்கும். ஐஸ் நிறையப் போட்ட ஜிகர்தண்டாவை ஒரு மடக்கு குடித்ததும் ஒரே ஒரு பல் சுரீர் என்கிறதா? அந்தப் பல்லைக் காட்டாமல் விமானம் ஏறாதீர்கள்.

அப்புறம், காகிதங்கள். எக்ஸ்ரே படங்களைப் போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்லில் என்ன செய்தார்கள், என்றைக்குச் செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நம்மூர் டாக்டர் 46 என்று எழுதினால் அது கீழ்வரிசை வலது பக்கத்து முதல் கடைவாய்ப் பல். அங்கே அதையே "லோயர் ரைட் சிக்ஸ்" என்பார்கள். 46 என்ற எண்ணைப் பார்த்தாலும் அவர்களுக்குப் புரியும்.

போய் இறங்கிய முதல் மாதம்

மாணவர்கள் விசாவோடு சேர்த்து வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டுகிறார்கள். அதைக் கட்டியாயிற்றே, பல்லும் இலவசம்தானே என்று நினைக்கிறார்கள். இல்லை. ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரைப் பார்க்கப் பணம் வேண்டாம், பல்லுக்கு வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் கட்டுகிற அதே கட்டணத்தை நீங்களும் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் அது மூன்று படி. 2025 ஏப்ரல் கணக்குப்படி, பார்த்துச் சொல்வதும் எக்ஸ்ரேயும் 27.40 பவுண்டு. அடைப்பது, ரூட் கெனால், பிடுங்குவது என்றால் 75.30. கேப், பல் செட் என்று லேபுக்குப் போகிற வேலை 326.70. பெரும்பாலும் ஏப்ரலில் கட்டணத்தைக் கூட்டுவார்கள். இதில் நம் ஆட்களுக்குத் தெரியாத நல்ல விஷயம் ஒன்று உண்டு. கட்டணம் பல் கணக்கில் இல்லை, ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு. மூன்று பல் அடைத்தாலும் ஒரே கட்டணம்தான். 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி ஒரு வருஷம் வரை தாய்க்கும் கட்டணம் இல்லை. முழுநேரம் படிக்கிறவர்களுக்கு 19 வயது நிறையும் வரை இலவசம். எம்.எஸ்சி. படிக்க வருகிறவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள், அதனால் படிவத்தில் 'மாணவர், இலவசம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். பிறகு சரிபார்த்து 100 பவுண்டு வரை அபராதம் போடுவார்கள்.

இதெல்லாம் என்.எச்.எஸ். என்கிற அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையில் ஆட்களை எடுக்கிற பல் டாக்டர் கிடைத்தால். கிடைப்பதுதான் பாடு. பல கிளினிக்குகள் புதிய ஆட்களை எடுப்பதில்லை. ஜி.பி.க்கு இருப்பது போல, இந்த எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்ற கணக்கு பல் டாக்டருக்குக் கிடையாது, பக்கத்து ஊரில் இருந்தாலும் போகலாம். அதனால் வலி இல்லாதபோதே, வந்த முதல் மாதத்திலேயே, பத்துப் பன்னிரண்டு இடத்துக்குப் போன் போடுங்கள். "நியூ என்.எச்.எஸ். பேஷண்ட் எடுக்கிறீர்களா, வெயிட்டிங் லிஸ்ட் இருக்கிறதா" என்று கேட்டுப் பெயரைக் கொடுத்து வையுங்கள். பல் மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் என்றால் மாணவர்கள் பார்க்கிற பிரிவில் சேர்த்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். கீழவெளி வீதியில் உட்கார்ந்த பொறுமை அங்கேயும் உதவும்.

முதல் முறை போகும்போது ஒரு கம்பியால் ஈறைத் தொட்டுத் தொட்டு, "டூ, ஒன், த்ரீ" என்று பக்கத்தில் இருப்பவரிடம் எண் சொல்லிக்கொண்டே போவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஈறின் நிலைக்கு மதிப்பெண் அது. சைபர் என்றால் நன்றாக இருக்கிறது, நான்கு என்றால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பள்ளம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, பென்சிலின் அலர்ஜி எதையும் மறைக்காதீர்கள். பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறவர்கள் நம்மிடம் அதிகம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம்.

வலியை எப்படிச் சொல்வது

இதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். "பெயின், பெயின்" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் பாதிதான் தெரியும். தமிழில் நமக்கு எத்தனை வார்த்தை! குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி, உடனே நின்றுவிடுகிறதா? "சென்சிட்டிவ் டு கோல்டு, கோஸ் அவே க்விக்லி" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அடைத்தாலே சரியாகிவிடும். சூடான காபி பட்டு, அதற்கப்புறமும் வெகுநேரம் வலிக்கிறதா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? நரம்பு வரை போயிருக்கலாம், "லிங்கர்ஸ்", "வேக்ஸ் மீ அப்" என்ற சொற்கள் முக்கியம். விண்விண் என்று தெறித்தால் "த்ராபிங்". கடித்தால் மட்டும் சுரீர் என்றால் "ஷார்ப், ஒன்லி வென் ஐ பைட்", பல்லில் விரிசல் இருக்கலாம். இங்கிலீஷ் தயக்கமாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், என்.எச்.எஸ். சிகிச்சைக்கு அதற்குத் தனிப் பணம் இல்லை. பெற்ற பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

ராத்திரி வலி தாங்கவில்லை, டாக்டரும் இல்லை என்றால் 111-க்குப் போன் செய்யுங்கள், அவசரப் பல் சிகிச்சைக்கு வழி சொல்வார்கள். கண்ணைச் சுற்றியோ கழுத்திலோ வீக்கம், மூச்சு விட, விழுங்க, பேசச் சிரமம் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஏ அண்டு ஈ என்கிற ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெறும் பல்வலிக்கு அங்கே போனால் பல்லில் கை வைக்க மாட்டார்கள். நம்மூர் போல மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்க அங்கே முடியாது, அது நல்லதும்கூட. பல்லுக்குள் இருக்கும் சீழை மாத்திரை மட்டும் குணப்படுத்தாது. கிராம்புத் தைலம் பஞ்சில் ஒரு சொட்டு வைத்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும், ஈறில் வழியவிட்டால் புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கி வைக்கும் பழக்கம் வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்று எங்கள் பாட்டி சாகும் வரை நம்பினார், சொத்தையோடே இருந்தார். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே ஈறு விலகி, பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரை பிடித்துக்கொண்டு நின்ற பல், காரையை எடுத்ததும் ஆடுவது தெரிகிறது, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டுமா என்றால், அங்கே வாயின் நிலையைப் பார்த்து மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை டாக்டரே சொல்வார்.

பேஸ்ட்டை இங்கிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்தியப் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். வரைதான். அங்கே பெரியவர்களுக்குச் சொல்வது 1350-இலிருந்து 1500. துலக்கிவிட்டுத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃப்ளோரைடு பல்லில் தங்க வேண்டும். நமக்கு இது பழக இரண்டு வாரம் ஆகும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு பிரஷ்ஷில் லேசாகத் தீற்றினால் போதும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள்.

லீவுக்கு மதுரை வரும்போது

லீவில் வந்து பல் வேலை பார்ப்பது நல்ல யோசனைதான், நானும் செய்கிறேன். வந்த முதல் இரண்டு நாளிலேயே டாக்டரிடம் போய்விடுங்கள், சொந்தக்காரர் வீட்டு விருந்தெல்லாம் அப்புறம். மூன்று வார லீவில் ரூட் கெனாலும் கேப்பும் முடிக்கலாம். இம்ப்ளாண்ட் முடியாது. எலும்பில் திருகு வைத்து, அது எலும்போடு சேர மூன்றிலிருந்து ஆறு மாதம் விட்டுத்தான் மேலே பல் வைப்பார்கள். இரண்டு லீவுக்கான வேலை என்று கணக்குப் போட்டு வாருங்கள். வைத்த திருகின் பிராண்டு, அளவு எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அது லூசானால் அங்கிருக்கும் டாக்டருக்கு அந்த அட்டை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

பெற்றோரை அங்கே அழைத்துப் போகிறவர்கள் அவர்கள் வாயையும் ஒருமுறை காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். வெற்றிலை, புகையிலை போடுகிறவர் என்றால் கட்டாயம். மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முன்போல் திறக்காமை எதுவானாலும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். பல் செட் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். பழைய செட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் அம்மா என்னோடு வருகிறாள். கீழ்ச் செட் ஈறில் குத்துகிறது என்று நேற்றுதான் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் கூட்டிப் போகிறேன்.