சாப்பாட்டு மேசையில் விண்வெளிச் சண்டை: உங்களுக்கேற்ற ஸ்கிர்மிஷ் விதிகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

மினியேச்சர் வார்கேம், அதாவது சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு என்றதும் ஆறடி மேசை, நூறு இருநூறு பொம்மைகள், மாதச் சம்பளத்தை விழுங்கும் செலவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். படைகளை மோதவிடும் பெரிய ஆட்டங்களுக்கு அது ஓரளவு உண்மைதான். ஸ்கிர்மிஷ் என்னும் சிறு சண்டை வகை வேறு. ஒரு பக்கத்துக்கு நான்கு முதல் பதினைந்து பேர் போதும். ஒவ்வொரு பொம்மையும் தனி ஆள், தனித் துப்பாக்கி, தனிக் குணம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது தோதான பொழுதுபோக்கு. ஜூனில் கூடலூர், ஊட்டிப் பக்கம் பிடிக்கும் மழை ஓய்ந்தால், அக்டோபரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மாலைகளுக்குப் பஞ்சமே இல்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அழகாக இருக்கிறதே என்று பொம்மையை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற விதிகளைத் தேடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் மேசை, அடுத்து எதிராளி, அப்புறம் விதி, கடைசியில்தான் பொம்மை.

படி 1: மேசையை அளந்துகொள்ளுங்கள்

தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, ஆட்டத்துக்குக் கிடைக்கும் இடத்தை அங்குலத்தில் அளந்து எழுதிவையுங்கள். இந்த விதிநூல்கள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில்தான் பேசும். இரண்டடிக்கு இரண்டடி கிடைத்தால் ஃபைவ் பார்செக்ஸ் ஃப்ரம் ஹோம் என்ற ஆட்டத்தை ஆடலாம் (இங்கே வரும் ஆட்டங்களைப் பற்றிப் படி 3-இல் சொல்கிறேன்). மூன்றடி இருந்தால் இன்னும் தாராளம். கில் டீம் 2021-ஆம் ஆண்டிலிருந்து 30 அங்குலம் நீளம், 22 அங்குலம் அகலம் கொண்ட பலகையில் ஆடப்படுகிறது. இன்ஃபினிட்டி நான்கடிக்கு நான்கடி கேட்கும். தோட்டத்து லைன் வீட்டிலோ குவார்ட்டர்ஸிலோ இருப்பவர்கள் அந்த நான்கடியைத் தரையில்தான் தேட வேண்டியிருக்கும். பனிக்காலத்தில் சிமென்ட் தரையில் இரண்டு மணி நேரம் மண்டியிட்டு உட்காருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இடம் மிகவும் குறைவென்றால் ஒரு வழி இருக்கிறது. 28 மி.மீ. உயரப் பொம்மைக்குப் பதிலாக 15 மி.மீ. அல்லது அதற்கும் சிறிய பொம்மையை எடுத்துக்கொண்டு, விதியில் அங்குலம் என்று வரும் இடத்திலெல்லாம் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கடி மேசை 48 சென்டிமீட்டராகச் சுருங்கி ஒரு ஸ்டூல் மேலேயே அடங்கிவிடும்.

படி 2: எதிராளி யார்?

மேசையைவிட முக்கியமான கேள்வி இது. சென்னை, பெங்களூர் போல வாரக் கடைசியில் கூடி ஆட மலையில் ஆள் கிடைப்பது அரிது. கோத்தகிரியில் இருப்பவருக்கு ஊட்டியில் ஒரு கூட்டாளி இருந்தாலும், மழை நாளில் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே ஆட வேண்டும். எனவே நேர்மையாக எழுதிவையுங்கள்: தனியாக ஆடப்போகிறீர்களா? வீட்டில் தம்பி, தங்கையோடா? இல்லை, இந்த ஆட்டத்தில் ஏற்கெனவே ஊறிய நண்பரோடா?

தனி ஆள் என்றால் தனியாக ஆடவென்றே எழுதப்பட்ட விதி வேண்டும். இரண்டு பக்கத்தையும் நானே ஆடிக்கொள்கிறேன் என்று சிலர் சமாளிப்பார்கள். மூன்றாவது சுற்றுக்குள் ஒரு பக்கத்தின் மேல் பாசம் வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளோடு என்றால் முழு விதியும் சில பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். ஊறிய நண்பரென்றால் அவர் ஆடுவதையே நீங்களும் ஆடுங்கள். தேடல் இங்கேயே முடிந்தது.

படி 3: பட்டியல் போடுவது

இணையத்தில் தேடும்போது சை-ஃபை, ஸ்கிர்மிஷ், சோலோ, மினியேச்சர் அக்னாஸ்டிக் ஆகிய சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். எந்த நிறுவனத்தின் பொம்மையை வைத்தும் ஆடலாம் என்பது அதன் பொருள். வார்கேம் வால்ட் என்ற இணையக் கடையில் பெரிதும் சிறிதுமாக ஏராளமான விதிநூல்கள் பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன. அங்கே போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வர வேண்டாம். மூன்று போதும். பட்டியலுக்குத் தகுந்தவை என்று நான் நினைப்பவை இவை.

கிரிம்டார்க் ஃபியூச்சர்: ஃபயர்ஃபைட். ஒன் பேஜ் ரூல்ஸ் வெளியிடுவது. அடிப்படை விதி இலவசம், எந்தப் பொம்மையும் செல்லும், ஆறு முகப் பகடை மட்டும் போதும். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டே எண்கள்: தரம், காப்பு. இருவரும் மாறி மாறி ஒவ்வோர் ஆளாக இயக்குவீர்கள். நான்கு சுற்று முடிவில் அதிக இலக்கு இடங்களைப் பிடித்திருப்பவர் ஜெயித்தார். முதல் விதி எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஃபைவ் பார்செக்ஸ் ஃப்ரம் ஹோம். ஐவன் சோரன்சன் எழுதியது. மோடிஃபியஸ் பதிப்பு 2021-இல் வந்தது. தனியாக ஆடுபவருக்கு இதற்கு ஈடு குறைவு. ஓட்டைக் கப்பல், தீராத கடன், ஆறு பேர் கொண்ட கூட்டம் என்று தொடங்கும். யார் எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார் என்பதைப் பகடையே சொல்லும். எதிரிகள் எப்படி நகர வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. சண்டை பாதி, சண்டைகளுக்கு நடுவே கப்பல் நடத்தும் பாடு மீதி. அட்டவணைகள் அதிகம், பொறுமை வேண்டும்.

ஸ்டார்கிரேவ். ஜோசப் மெக்கல்லோ எழுதி 2021-இல் ஆஸ்ப்ரே வெளியிட்டது. கேப்டன், துணைக் கேப்டன், எட்டு வீரர்கள் வரை என்று மொத்தம் பத்துப் பேர். இருபது முகப் பகடை. கொள்ளைப் பொருளைத் தூக்கிக்கொண்டு மேசையை விட்டு ஓடுவதுதான் ஆட்டம்.

இன்ஃபினிட்டி. ஸ்பெயின் நாட்டு கோர்வஸ் பெல்லியின் ஆட்டம். விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் முறையில் நீங்கள் நகரும்போது, உங்களைப் பார்க்கும் எதிராளி வீரர் ஒவ்வொருவரும் அங்கேயே பதிலடி தரலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமே இல்லை. பழகியவர்களுக்கு இது விருந்து. புதியவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் கில் டீம் நல்ல ஆட்டம்தான். ஆனால் அது அந்த நிறுவனத்தின் பொம்மைகளைச் சுற்றியே கட்டப்பட்டது. விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: இலவசக் கோப்பை அச்சடித்தல்

காசு கொடுக்கும் முன் இலவசப் பதிப்போ அறிமுகப் பதிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். அச்சடிக்கும்போது ஒரு எச்சரிக்கை: அமெரிக்க லெட்டர் தாளுக்கு வடிவமைத்த கோப்பை ஏ4-இல் போடும்போது பிரிண்டர் தானாகவே அளவை மாற்றிவிடும். எழுத்துப் பக்கத்துக்கு அதனால் நஷ்டமில்லை. காகிதப் பொம்மை, அளவுகோல் உள்ள பக்கங்களை மட்டும் நூறு சதவீத அளவில் போடச் சொல்லுங்கள்.

படி 5: எப்படி வாசிப்பது

முதல் பக்கத்திலிருந்து கதை போல வாசிக்காதீர்கள். பின்னணிக் கதை, கிரகங்களின் வரலாறு எல்லாம் அப்புறம். நேராக மூன்று இடங்களுக்குப் போங்கள்.

ஒன்று, முறை எப்படி மாறுகிறது? ஒருவர் எல்லா ஆட்களையும் நகர்த்தி முடித்த பிறகுதான் அடுத்தவர் என்றால், காத்திருப்பவர் போனை எடுத்துவிடுவார். மாறி மாறி ஓர் ஆள் என்றால் இருவரும் மேசையிலேயே இருப்பார்கள். கனேஷா கேம்ஸின் மியூட்டன்ட்ஸ் அண்ட் டெத் ரே கன்ஸ் வேறொரு வழி வைத்திருக்கிறது. ஓர் ஆளை இயக்க ஒன்று முதல் மூன்று பகடை வரை நீங்களே தேர்ந்து உருட்டலாம். இரண்டு பகடை தோற்றால் முறை எதிராளிக்குப் போய்விடும். பேராசைக்கு உடனடித் தண்டனை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இரண்டு, ஒரு குண்டுக்கு எத்தனை உருட்டல்? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஃபயர்ஃபைட்டில் தரம் 4+ உள்ளவர், காப்பு 4+ உள்ளவரைச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம் (4+ என்றால் பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும்). படுவதற்குப் பாதி வாய்ப்பு, தடுப்பதற்குப் பாதி. குண்டு உள்ளே இறங்க 25 சதவீதம். எதிரி மறைவில் நின்று காப்பு 3+ ஆகிவிட்டால் அது சுமார் 17 சதவீதமாக இறங்கும். மறைவில் நிற்பதற்கு நல்ல பலன் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. ஸ்டார்கிரேவில் இருவரும் இருபது முகப் பகடையை உருட்டி, தத்தம் திறனைக் கூட்டுவார்கள். சுடுபவருக்கு ஒரு புள்ளி அதிகம் இருந்தால் அவர் வெல்லும் வாய்ப்பு 52.5 சதவீதம்தான். கத்துக்குட்டி கேப்டனை வீழ்த்தும் கூத்தெல்லாம் அங்கே நடக்கும். சிலருக்கு அதுதான் சுவை, சிலருக்கு எரிச்சல். நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று, அடிபட்டவர் என்ன ஆகிறார்? சில விதிகளில் ஒரே அடியில் மேசையை விட்டு வெளியே. சிலவற்றில் உயிர்ப்புள்ளி குறையும், அதைத் தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். சண்டை முடிந்த பிறகு காயம் ஆறுவது, அனுபவம் ஏறுவது எல்லாம் இருந்தால் தொடர் ஆட்டமாக நீட்டலாம்.

படி 6: நாணயத்தை வைத்து ஒரு வெள்ளோட்டம்

பொம்மை இன்னும் வேண்டாம். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. விட்டம் கொண்டது; 28 மி.மீ. பொம்மைகளின் அடித்தட்டுக்கு ஏறக்குறையப் பொருந்தும். கடைக்காரர்கள் வாங்க மறுப்பதால் எப்படியும் வீட்டில் நாலைந்து சேர்ந்திருக்கும். ஒரு பக்கத்துக்குப் பத்து ரூபாய், மறுபக்கத்துக்கு ஐந்து ரூபாய். வர்க்கி டப்பா ஒரு கட்டடம், பாடப் புத்தக அடுக்கு ஒரு குன்று, முட்டை அட்டை இடிபாடு. பக்கத்துக்கு நான்கு பேர், நடுவில் ஓர் இலக்கு.

ஆடும்போது விதிநூலை எத்தனை முறை புரட்டினீர்கள் என்று ஓரமாகக் கோடு போட்டு வாருங்கள். முதல் சுற்றில் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. மூன்றாம் சுற்றிலும் அதே வேகத்தில் கோடு ஏறினால் அந்த விதி உங்களுக்கு ஒத்துவரவில்லை, அடுத்ததை எடுங்கள். இரண்டாம் சுற்றிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிட்டால், மறைவிடங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். துப்பாக்கிகள் உள்ள ஆட்டத்தில் வெட்டவெளி மேசையை விடப் பெரிய எதிரி கிடையாது.

இன்னொரு குறையும் வரும். “துப்பாக்கி 24 அங்குலம்தான் பாயுமா? பொம்மை நிஜ ஆளில் அறுபதில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால் 36 மீட்டர்தானே?” என்று யாராவது கேட்பார்கள். கணக்கு சரிதான். மேசை அளவுக்காக எல்லா விதியும் செய்யும் சமரசம் அது. திருத்தப் போனால் ஆட்டம் கெடும்.

வாக்குவாதம் வரும் இடங்களுக்கு இருவரும் ஒப்பி ஒரு வரி எழுதி, சுவரில் ஒட்டிவிடுங்கள். பொம்மையின் துப்பாக்கி முனை மட்டும் வெளியே தெரிந்தால் சுடலாமா என்பது போன்ற தகராறுகள் அதோடு தீரும். ஸ்னூக்கருக்கு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் எழுதிய விதிகளும் 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டவைதான். நமக்கு நல்ல முன்னோடி. விதி ஆங்கிலத்தில் இருப்பதால், நகர்வு, சுடுதல், காப்பு மூன்றையும் ஒரே தாளில் தமிழில் எழுதிவைத்தால் வீட்டுப் பிள்ளைகளும் உங்களைக் கேட்காமலே ஆடுவார்கள்.

படி 7: முதல் உண்மையான ஆட்டம்

விதி பிடித்துவிட்டதா? சரி, களத்தை உள்ளூரிலேயே போடுங்கள். என் தேர்வு ஊட்டியை அடுத்த முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச் சரிவு சுமார் 11 டிகிரி சாய்ந்திருப்பதும், அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 டிகிரி என்பதும்தான் 1970-இல் அதை அங்கே கட்டி முடித்ததன் சூட்சுமம். தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. விண்கலத்திலிருந்து வந்த சமிக்ஞையைப் பதிவு செய்த கருவி நடுவில். இரண்டு கூட்டம் அதற்காக மோதுகிறது. கதைக்கு இது போதும்.

மொத்தத் தொலைநோக்கியும் 28 மி.மீ. அளவில் மேசைக்கு வராது. கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் நீளும். ஆனால் அதைத் தாங்கும் 24 சட்டங்கள் 23 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அதாவது மேசையில் 38 சென்டிமீட்டர். மூன்றடி மேசையில் இரண்டு சட்டங்களை அட்டையில் வெட்டி நிறுத்தினால் களம் தயார். தேயிலைச் செடிக்குப் பச்சை ஸ்பாஞ்சு. சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காய்களைப் பொறுக்கி வாருங்கள். அந்தச் சொரசொரப்பும் மூடியும், வேற்றுக்கிரக முட்டை என்றே நம்பலாம்.

இப்போது பொம்மை வாங்கலாம். விதி கேட்கும் எண்ணிக்கை மட்டும், ஒன்றுகூட அதிகம் வேண்டாம். ரெசின் என்ற திரவத்தை உறையவைத்துப் பொம்மை செய்யும் 3டி பிரிண்டரில் நீங்களே அடிப்பதாக இருந்தால் டிசம்பர், ஜனவரி இரவுகளைத் தவிருங்கள். குளிரில் ரெசின் கெட்டியாகிப் பதிவு பாழாகும். வண்ணத்துக்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே பிரைமரை மூடுபனி நாளில் அடித்தால் மேலே வெண்படலம் படரும். தூரிகையால் பூசும் பிரைமரே மலைக்குச் சரி. ஃபெவிகால் ஒட்டிய அட்டைகள் மழைக்காலத்தில் காய ஒரு முழு நாளாவது கொடுங்கள். அவசரப்பட்டு வண்ணம் பூசினால் அட்டை வளையும். வளைந்துவிட்டதென்றால் தூக்கி எறிய வேண்டாம், இடிந்த சுவராக வைத்துக்கொள்ளலாம்.