பொது ஷெல் ஃபைலில் பழைய ஃபங்ஷனை அழிக்கும் முன்

பல ஸ்கிரிப்ட்கள் பகிர்ந்துகொள்ளும் ஷெல் ஃபைலில் பழைய ஃபங்ஷன்கள் குவிந்து கிடக்கின்றனவா? கிரெப்பில் பெயரைத் தேடி, ஒன்றும் வரவில்லை என்றதும் அழித்துவிடாதீர்கள். ஷெல்லில் பெயரை ஒட்டவைத்தும் கூப்பிடலாம்: வேரியபிளில் 'ஸ்டார்ட்' அல்லது 'ஸ்டாப்' இருக்கும், அதோடு '_சர்வீஸ்' சேர்ந்துகொள்ளும். முழுப் பெயர் வேறெங்கும் இருக்காது. அதனால் பாதிப் பெயரையும் தேடுங்கள். டிராப் (சிக்னல் வந்தால் ஓட வேண்டிய கட்டளையைக் குறித்துவைப்பது), ஈவால் (எழுத்துத் தொடரைக் கட்டளையாக ஓட்டுவது) வரும் வரிகளைக் கண்ணாலேயே படித்துவிடுங்கள்.

இன்னும் சந்தேகமா? ஃபங்ஷனின் முதல் வரியாக ஓர் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள். உங்கள் ஷெல் பேஷ் என்றால் அதன் 'காலர்' கட்டளை எந்த ஃபைலின் எந்த வரி கூப்பிட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எச்சரிக்கை ஸ்டாண்டர்ட் எரருக்குத்தான் (பிழைச் செய்திகளுக்கான தனி வழி) போக வேண்டும். அவுட்புட்டுக்குப் போனால், ஃபங்ஷன் அச்சிடுவதை வேரியபிளில் பிடிக்கும் ஸ்கிரிப்ட் எச்சரிக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் (நான் மாட்டிக்கொண்டது இதில்தான்). எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்க, மாதம் ஒருமுறை தானாக ஓடும் கிரான் வேலைகளும் ஓடி முடியட்டும்.

அப்புறம் நீக்கலாம், ஒரு கமிட்டுக்கு ஒரு ஃபங்ஷன். இல்லாத ஃபங்ஷனைப் பற்றி ஷெல் முன்கூட்டியே வாய் திறக்காது; அந்த வரிக்கு வந்த பிறகுதான் 127 என்ற பிழை எண் வரும். பிழை வந்ததும் நிறுத்தச் சொல்லும் 'செட் -ஈ' போடவில்லையென்றால், ஸ்கிரிப்ட் அதையும் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.