வெஸ்லே தேவாலயம்: பார்க்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு நீளமான குன்று, அதன் முதுகில் ஏறிப்போகும் ஒரே ஒரு பெரிய தெரு, தெரு முடிகிற உச்சியில் மகதலா மரியா தேவாலயம். இதுதான் வெஸ்லே. ரோமனெஸ்க் கட்டடக்கலையைப் பற்றி எங்கே படித்தாலும் இந்த ஊர் பெயர் வந்துவிடும், 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் இதைப் பற்றிய குறிப்புகளில் ஒரே மாதிரியான பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவ்வளவு தூரம் போய்விட்டு, இவ்வளவு அருமையான கட்டடத்தைத் தவறான கதையோடு பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் பெயர். இது கதீட்ரல் இல்லை. கதீட்ரல் என்றால் அங்கே ஆயரின், அதாவது பிஷப்பின், இருக்கை இருக்க வேண்டும். வெஸ்லே பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்துக் கோவில். 1920-ல் பசிலிக்கா என்ற சிறப்பு கிடைத்தது. நம் வேளாங்கண்ணியை நினைத்துக்கொண்டால் போதும்: அது பசிலிக்கா, ஆனால் அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிறது. அதேபோல 'ரோமனெஸ்க்' என்ற சொல்லைப் பார்த்ததும் ரோமானியர்கள் கட்டியது என்று எழுதிவிடாதீர்கள். ரோமப் பேரரசு மேற்கில் விழுந்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்த கட்டடம் இது. அரைவட்ட வளைவுகளும் கனத்த கல்சுவர்களும் பழைய ரோமானிய முறையை நினைவுபடுத்தியதால் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூட்டிய பெயர்தான் ரோமனெஸ்க். கட்டியவர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது.

அடுத்ததுதான் பெரிய தவறு: முழுக் கட்டடத்துக்கும் ஒரே தேதி போடுவது. "12-ம் நூற்றாண்டுத் தேவாலயம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பகுதி என்று கேட்காமல் இங்கே தேதி சொல்லவே முடியாது. 1104-ல் மடாதிபதி அர்த்தோ காலத்தில் ஒரு புதிய கோவில் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கான செலவு ஊர் மக்கள் தலையில் வரியாக விழ, 1106-ல் அவர்கள் அந்த மடாதிபதியையே கொன்றுவிட்டார்கள். 1120-ல், மகதலா மரியா திருவிழாவை ஒட்டி ஊர் நிரம்ப யாத்திரிகர்கள் இருந்த நேரத்தில், பெரும் தீ விபத்து நடந்து பலர் இறந்தார்கள். இன்று நாம் வியந்து பார்க்கிற நீண்ட நடுக்கூடம் அந்தத் தீக்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகளில் எழுந்தது: தூண்களுக்கு இடையே பத்துப் பகுதிகள், ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம். அதன் முன்னால் இருக்கும் பெரிய முன்மண்டபம் 12-ம் நூற்றாண்டின் நடுவில் சேர்ந்தது. கிழக்குக் கோடியில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் பலிபீடப் பகுதி அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ரோமனெஸ்க்குக்கு அடுத்து வந்த கோத்திக் பாணியில் கட்டிய வேலை. மேற்கு முகப்பின் மேலே உயர்ந்து நிற்கும் ஜன்னல்கள் 13-ம் நூற்றாண்டு.

அப்புறம் 19-ம் நூற்றாண்டையும் மறக்கக் கூடாது. 1569-ல் ஹியூகனாட்டுகள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்டுகள் கையில் சூறையாடப்பட்டு, பிரெஞ்சுப் புரட்சியில் சிற்பங்கள் உடைக்கப்பட்டு, 1819-ல் கோபுரத்தில் இடி விழுந்து எரிந்து, 1834-ல் வரலாற்றுச் சின்னங்களின் அரசு ஆய்வாளர் பிராஸ்பேர் மெரிமே ஆய்வுக்கு வந்தபோது இந்தக் கோவில் இடிந்து விழப்போகிற நிலையில் இருந்தது. 1840-ல் அதைக் காப்பாற்றும் பொறுப்பை ஒப்படைத்தது யாரிடம் தெரியுமா? 26 வயதுக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துக்கிடம். அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அதுதான், 1859 வரை நீண்டது. சுவர்களைத் தாங்கும் வெளி முட்டுகளைப் புதிதாகக் கட்டினார், சிதைந்துபோன சில தூண் தலைப்புகளை எடுத்துவிட்டு அதே மாதிரி செதுக்கிய நகல்களை வைத்தார், நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டும் குறுக்குக்கூடத்தை ஒட்டிக் கோத்திக் முறையில் மாற்றியிருந்த சில கூரைப் பகுதிகளை மறுபடி ரோமனெஸ்க் முறைக்கே திருப்பிவிட்டார். அந்தக் கடைசி முடிவு எனக்கு உடன்பாடு இல்லை, நூற்றாண்டுகளாக இருந்த ஒன்றை அழித்து 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று கட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது. ஆனால் அவர் இல்லாமல் இன்று வெஸ்லேயில் பார்க்க அதிகம் இருந்திருக்காது, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தத் தேதிக் குழப்பம் அதிகம் கெடுப்பது வாசல் சிற்பங்களைத்தான். வெளி முகப்பில் நடுவாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்புச் சிற்பம் இருக்கிறது. பலர் அதைப் படம் எடுத்து 'புகழ்பெற்ற இடைக்காலச் சிற்பம்' என்று போட்டுவிடுகிறார்கள். அது 1856-ல் மிஷேல் பாஸ்கால் என்ற சிற்பி செய்தது, புரட்சியில் சிதைந்த பழையதற்கு மாற்று. உண்மையான புதையல் உள்ளே இருக்கிறது: முன்மண்டபத்துக்குள் நுழைந்து, நடுக்கூடத்துக்குப் போகும் பெரிய கதவின் மேலே நிமிர்ந்து பாருங்கள். நடுவில் பிரமாண்டமான கிறிஸ்து, ஆடை சுழித்துப் பறக்கிறது, விரித்த கைகளிலிருந்து கதிர்கள் கிளம்பி அவருடைய முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவர் தலையிலும் இறங்குகின்றன. இது சுமார் 1130.

அதையும் இறுதித் தீர்ப்பு என்று எழுதிவிடாதீர்கள். தூய ஆவியின் வருகையும், உலகெங்கும் போய்ப் போதியுங்கள் என்று அப்போஸ்தலர்களை அனுப்புவதும் ஒன்றாகக் கலந்த காட்சி என்றுதான் பொதுவாகப் படிக்கிறார்கள். அதனால்தான் சுற்றிலும் உலகத்து மக்கள் எல்லாரும் வருகிறார்கள். குதிரை மேல் ஏற ஏணி வைக்கிற குள்ளர்கள், உடம்பையே மூடுகிற அளவு காது உள்ளவர்கள், நாய்த் தலை மனிதர்கள்! இவர்களை 'சிற்பியின் கற்பனை' என்று தள்ளிவிடுவது இன்னொரு தவறு. கிமு 5-ம் நூற்றாண்டில் பாரசீக அரண்மனையில் இருந்த கிரேக்க மருத்துவர் கிடேசியாஸ், நாய்த்தலை மனிதர்கள் இந்திய மலைகளில் வாழ்கிறார்கள் என்று எழுதி வைத்தார், ஐரோப்பா அதை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. ஆக பர்கண்டியின் ஒரு குன்றின்மேல், நற்செய்தி போய்ச்சேர வேண்டிய உலகின் கடைக்கோடி என்று செதுக்கியபோது அவர்கள் மனதில் இருந்த இடங்களில் நம் பக்கமும் ஒன்று. அந்தப் பேனலை அப்படிப் பார்த்தபின் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

சரி, கட்டடத்துக்கு வருவோம். வட்ட வளைவு என்றால் ரோமனெஸ்க், கூர்முனை வளைவு என்றால் கோத்திக் என்ற சூத்திரத்தை இங்கே பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். வெஸ்லேயின் முன்மண்டபத்தில் கூர்முனை வளைவுகள் இருக்கின்றன. பர்கண்டியில் அது புதிதும் அல்ல, 1088-ல் தொடங்கிய க்ளூனி மடத்துப் பெரிய கோவிலிலேயே கூர்முனை வளைவைப் பயன்படுத்திவிட்டார்கள். வளைவின் வடிவத்தை மட்டும் பார்க்காமல், கூரையின் எடை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். 'ரோமனெஸ்க் என்றால் இருட்டு' என்பதும் அப்படித்தான். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி கூரை போட்டால் எடை சுவர் முழுக்க இறங்கும், மேலே பெரிய ஜன்னல் வைக்கப் பயப்பட வேண்டும். வெஸ்லேயின் நடுக்கூடத்தில் அப்படி இரண்டு பீப்பாய்கள் குறுக்காக வெட்டிக்கொள்கிற கூரை. எடை மூலைகளுக்கு இறங்குவதால் நடுவில் ஜன்னல் வைக்க முடிந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது: கூரை சுவர்களை வெளிப்பக்கம் தள்ளியது, சாய்வு இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும். குறுக்கே போகும் வளைவுகளில் வெளிர் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி வருகிற அழகில் மயங்கி அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

வரலாற்றில் இரண்டு திருத்தங்கள். ஒன்று, முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தது வெஸ்லேயில் என்பது. அந்த இடம் கிளெர்மோன், ஆண்டு 1095. வெஸ்லே இரண்டாவது சிலுவைப் போருக்கு உரியது: 1146 மார்ச் 31, ஈஸ்டர் நாளில் மன்னர் ஏழாம் லூயி முன்னிலையில் புனித பெர்னார்ட் பேசினார். அதுவும் கோவிலுக்குள் அல்ல, கூட்டம் கொள்ளாததால் வெளியே குன்றுச் சரிவில். 1190-ல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் பிரான்ஸ் மன்னர் பிலிப்பும் மூன்றாவது போருக்குக் கிளம்பும்முன் சந்தித்ததும் இந்த ஊரில்தான். இரண்டாவது திருத்தம், பிரெஞ்சுப் புரட்சிதான் வெஸ்லேயை வீழ்த்தியது என்பது. சரிவு அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. மகதலா மரியாவின் எலும்புகள் தங்களிடம் இருப்பதாக மடம் சொன்னதால்தான் கூட்டம் வந்தது. 1279-ல் தெற்கே ப்ரோவான்ஸில் உள்ள சேன்-மாக்ஸிமினில் உண்மையான உடல் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள், 1295-ல் போப்பும் அந்தப் பக்கம் நின்றார். யாத்திரிகர்கள் அங்கே திரும்பிவிட்டார்கள்.

கடைசியாக வெளிச்சம். ஜூன் 21-ஐ ஒட்டி, உச்சி வேளையில் தெற்கு மேல்ஜன்னல்கள் வழியாக விழும் ஒளி, நடுக்கூடத்தின் நட்ட நடுவே வட்ட வட்டமாக வரிசை போட்டு, பலிபீடம் வரை ஒரு பாதை போல நிற்கும். இதற்காகவே போகிறவர்கள் செய்கிற தவறு, கைக்கடிகாரத்தில் 12 மணிக்குப் போய் நிற்பது. பிரான்சின் கோடைக்கால நேரக் கணக்கில் வெஸ்லேயில் சூரியன் உச்சிக்கு வருவது 1.45-ஐ ஒட்டித்தான். ஒரு மணிக்கே உள்ளே போய் முன்மண்டபத்தில் இருந்து தொடங்கினால், நாய்த்தலையர்களையும் பார்த்துவிட்டு நிதானமாகப் போய்ச்சேரலாம். ஜூனில் போக முடியவில்லை என்றால் டிசம்பர் கடைசி வாரம்: அப்போது தாழ்ந்த சூரியன் தரையை விட்டுவிட்டு, வடக்கு வரிசையின் மேல் தூண் தலைப்புகளில் போய் விழும்.