பழைய ஆனைமலை வரைபடங்களைக் கையாள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர்கள் சிலர், ஆனைமலையின் பழைய நில அளவைத் தாள்களை ஸ்கேன் செய்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துவதை அண்மையில் அருகிருந்து பார்த்தேன். நான் ஒருகாலத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்தார்கள். அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய அளவையும் 1:50,000 என்ற இன்றைய அளவையும் குழப்பிக்கொள்வது போன்றவை ஒருமுறை பட்டால் தெளிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓரத்தை வெட்டி எறிவது

இதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்கேன் செய்ததும் படம் அழகாக இருக்கட்டும் என்று சட்டத்துக்கு வெளியே உள்ள வெள்ளை ஓரத்தை நறுக்கிவிடுகிறார்கள். பொடி எழுத்துக் குறிப்புகள் இருப்பதே அங்குதான். 19ஆம் நூற்றாண்டுத் தாள்கள் பல, சென்னை வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகையைக் கிழக்கு 80°17′21″ எனக் கொண்டு வரையப்பட்டவை. பின்னாளில் தந்தி வழியே நேரத்தை ஒப்பிட்டு அளந்தபோது, அந்த மதிப்பில் 2′27″ கூடுதலாக இருப்பது தெரிந்தது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனைமலையில் அதனால் படத்தில் உள்ள எல்லாமே ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே தள்ளி விழும்.

கைவிடப்பட்ட ஒரு மாட்டுவண்டித் தடத்தைத் தேட, வனத்துறையிடம் மூன்று நாள் அனுமதி வாங்கிச் சென்றிருந்தேன். படத்திலிருந்த ஆறு உண்மையான ஆற்றுக்குக் கிழக்கே விலகித் தெரிந்ததை வீட்டிலேயே கண்டும், அந்தக்கால அளவையாளர் மலையேறாமலே வரைந்துவிட்டார் என்று அவர்மேல் பழிபோட்டேன். உடன்வந்த மலசர் பழங்குடிப் பெரியவர், "தடம் மேக்கால இருக்குதுங்க" என்று முதல் நாளே சொன்னார். நான் ஜி.பி.எஸ். கருவியைக் காட்டி அவருக்கே பாடம் நடத்தினேன். இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள் அவர் பின்னால் நடந்தேன். திருத்தக் குறிப்போ, நான் வெட்டிய ஓரத்தில் இருந்திருக்கிறது.

அணைகளை மறப்பது

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கு முந்தைய தாளில் நீர்த்தேக்கங்கள் இரா. இன்று நீரில் மூழ்கிக் கிடக்கும் ஆற்றுக் கூடல்களைப் பொருத்துபுள்ளிகளாக (பழைய தாளையும் இன்றைய படத்தையும் இணைக்கும் பொது அடையாளங்களாக) கொள்ளாமல், உச்சிகளில் முக்கோணக் குறியிட்ட அளவை நிலையங்களைக் கொள்ளுங்கள்.

துணியில் ஒட்டிய தாள்

மடிக்க வசதியாகத் தாளைத் துண்டுகளாக வெட்டித் துணியில் ஒட்டியிருப்பதால், மடிப்புக்கு மடிப்பு இடைவெளி உண்டு. துண்டு துண்டாகப் பொருத்துங்கள்.

விட்டுவிட்டு வரைந்த கோடுகள்

சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) முறிந்து முறிந்து சென்றால், அந்தச் சரிவை அளக்கவில்லை, கண்மதிப்பாக வரைந்திருக்கிறார்கள் என்று பொருள். அதிலிருந்து உயரம் கணக்கிடாதீர்கள்.

வெற்றிடம்

ஊர்ப்பெயர் இல்லாத இடத்திலும் காடர் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருந்திருக்கலாம்.