இடி விழுந்த மறுநாள் நெட்வொர்க் கார்டு மாட்டப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

சித்திரைல ரெண்டு இடி நல்லா இடிச்சா போதும், நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் "சார், சிஸ்டத்துல லேன் போர்ட் போயிடுச்சு, நெட் வரல"ன்னு போன் வர ஆரம்பிச்சிரும். மதர்போர்டோட வர்ற, நெட் கேபிள் சொருகற அந்த போர்ட் செத்துட்டா போர்டையே மாத்தணும்னு இல்ல, ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு கிகாபிட் (நொடிக்கு 1000 எம்பி ஸ்பீடு, அதாவது 1000 எம்பிபிஎஸ்) நெட்வொர்க் கார்டு வாங்கி மாட்டினா வேலை முடிஞ்சுது. அதுல தப்பில்ல. ஆனா இப்ப காலேஜ் முடிச்சுட்டு சர்வீஸுக்கு வர்ற பசங்க மாட்டறதப் பாத்தா, எங்க செட்டு ஆளுங்க அந்தக் காலத்துல பண்ணின அதே கூத்துதான் ஒண்ணு விடாம திரும்ப நடக்குது. கார்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கணும், கேபினெட் மூடியை எப்படிக் கழட்டணும், இதெல்லாம் வீடியோலயே இருக்கு, அதை நான் எழுதல. வீடியோல சொல்லாத சங்கதி மட்டும்.

போர்ட் நெஜமாவே போச்சான்னு பாக்காம கார்டு வாங்கறது

நம்மகிட்ட வர்ற கேஸ்ல பாதி கேபிள் கோளாறு. எலி கடிச்சிருக்கும், இல்ல கிரிம்பிங் (கேபிள் முனைல கனெக்டரை அமுக்கிப் பொருத்தறது) லூசா இருக்கும், இல்ல எல்லா லேன் கேபிளும் வந்து சேர்ற நெட்வொர்க் ஸ்விட்ச்ல அந்த ஒரு போர்ட் மட்டும் போயிருக்கும். அதே கேபிளைப் பிடுங்கி ஒரு லேப்டாப்ல சொருகிப் பாருங்க, அதுலயும் வரலேன்னா சிஸ்டத்தைத் தொடவே வேணாம். லேப்டாப்ல வருது சிஸ்டத்துல வரலேன்னா விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர் பேர் இருக்கான்னு பாருங்க, பேரே காணோம்னா, பயாஸ்லயும் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்) யாரும் ஆஃப் பண்ணி வைக்கலேன்னா, அப்ப கார்டு பத்தி யோசிக்கலாம்.

இன்னொண்ணு, "ஸ்பீடு 100க்கு மேல ஏறல, கார்டு மாத்துங்க"ன்னு கேக்கறவங்க. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு கேபிள்ல ரெண்டு ஜோடி கம்பி போதும், 1, 2, 3, 6 பின் மட்டும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். நீலமோ பிரவுனோ ஒரு கம்பி அறுந்திருந்தா பெரும்பாலும் சத்தமில்லாம 100ல இறங்கி ஓடிட்டு இருக்கும். அதுக்குக் கார்டு மாத்தி என்ன பிரயோஜனம், கேபிள் முனைல இருக்கற ஆர்ஜே45 கனெக்டரை வெட்டிட்டு புதுசு ஒண்ணை அடிச்சா சரியாப் போயிரும்.

ஸ்லாட்டைப் பாக்காம வாங்கிட்டு வர்றது

மூடியைத் திறந்து, மதர்போர்டுல கார்டு சொருகற ஸ்லாட் எந்த வகைன்னு பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. பெங்களூர் எஸ்.பி. ரோடு வரைக்கும் பஸ் ஏறிப் போயி பழைய பிசிஐ கார்டு வாங்கிட்டு வந்து, இங்க போர்டுல அந்த ஸ்லாட்டே இல்லாம முழிக்கறவங்க இன்னும் இருக்காங்க. இப்ப வேண்டியது பிசிஐ எக்ஸ்பிரஸ். சின்ன எக்ஸ்1 ஸ்லாட் காலி இல்லேன்னா பயப்படாதீங்க, அதே கார்டு பெரிய எக்ஸ்16 ஸ்லாட்டுலயும் உக்காரும், ஓடும். 2.5 கிகாபிட் கார்டு வாங்கறவங்க மட்டும் ஒண்ணு கவனிக்கணும், ஸ்லாட் முதல் தலைமுறையா இருந்தா எக்ஸ்1 கார்டுக்கு ஒரு திசைல நொடிக்கு 2 கிகாபிட்டுக்கு மேல அதால தள்ள முடியாது, முழு ஸ்பீடு வரலேன்னு கார்டைத் திட்டாதீங்க.

அடுத்தது பிராக்கெட், கார்டைக் கேபினெட்டோட பிடிச்சு நிறுத்தற தகடு. ஸ்கூல், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் எங்க பாத்தாலும் இப்ப செகண்ட்ஹேண்ட் ஒல்லி டெஸ்க்டாப்தான், அதுல கார்டோட முழு நீளத் தகடு உள்ள போகாது, லோ புரொஃபைல்னு சொல்ற குட்டித் தகடு வேணும். நல்ல கார்டுன்னா டப்பாக்குள்ளயே ரெண்டு தகடும் வெச்சிருப்பான். தகடு இல்லாமயே கார்டை சொருகி அந்தரத்துல தொங்க விட்டுட்டுப் போன ஒரு மகானுபாவன் வேலையை நான் போய் எடுத்திருக்கேன், யாரோ கேபிளை இழுத்ததுல கார்டு சாஞ்சு ஸ்லாட்டே பிளந்திருந்துச்சு.

பவர் ஒயர்

ஷட்டவுன் பண்ணினா போதாது. பின்னாடி ஒயரைப் பிடுங்குங்க, பவர் பட்டனை அஞ்சாறு செகண்ட் அமுக்கிப் பிடிங்க. ஆஃப்ல இருந்தாலும் உள்ள இருக்கற பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை குடுத்துட்டுதான் இருக்கும்.

போர்ட் ஏன் செத்துச்சுன்னு கேக்காம புதுக் கார்டை மாட்டறது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்னிக்கும் இதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

கிருஷ்ணகிரிக்கு வெளிய ஒரு மாங்கூழ் கம்பெனி. கேட்டுகிட்ட எடை மேடை, அதுக்கு ஒரு சின்ன ரூம், ரூம்ல ஒரு டெஸ்க்டாப். லாரி மேடை ஏறி நின்னா எடை அதுல பதிவாகி அப்படியே உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகணும். நடுவுல ஒரு எண்பது மீட்டர் இருக்கும். Cat 6 லேன் கேபிளைக் காம்பவுண்ட் சுவத்து மேலயே இழுத்து, பாதி தூரம் லைட் கம்பத்துல கட்டி விட்டிருந்தாங்க. ஒரு சாயங்காலம் இடி மழை, எடை மேடை சிஸ்டத்துல லேன் போச்சு. ஒரு தம்பி வந்தான், கார்டு மாட்டினான், ஆபீஸ் கம்ப்யூட்டர் பதில் குடுக்குதான்னு பாக்கற பிங் வந்துச்சு, காசை வாங்கிட்டுப் போயிட்டான். அடுத்த மழைக்கு அந்தக் கார்டு போச்சு. திரும்ப வந்தான், "அது டூப்ளிகேட் கார்டுங்கண்ணா, இந்த தடவை ஒரிஜினல் போட்டுடறேன்"னு விலை கூடின கார்டை அதே இடத்துல மாட்டி அதே கேபிளை சொருகினான். அதுக்கு அடுத்த இடில கார்டு, மதர்போர்டு, அந்தப் பக்கம் ஆபீஸ் ஸ்விட்ச் மூணும் ஒண்ணா போச்சு. பெங்களூரா ரக மாங்கா லோடு ரோடு வரைக்கும் நிக்குது, ஆள் ஒருத்தர் நோட்டுல எடை எழுதிட்டு இருக்காரு, டிரைவருங்க கத்தறாங்க, ஓனர் எனக்குப் போன் பண்றாரு, "ஏம்ப்பா, நல்ல கார்டே மார்க்கெட்ல கெடைக்காதா?"ன்னு.

கார்டு மேல ஒரு குத்தமும் இல்ல. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்புக் கம்பி இழுத்ததுதான் வெனை.

இடி அந்தக் கேபிள் மேலயே விழணும்னு இல்ல. கொஞ்ச தூரத்துல விழுந்தாலும் நீளமான செம்புக் கம்பில வோல்டேஜ் கெளம்பிரும். அதை விட மோசம் எர்த். எடை மேடைக்கு ஒரு எர்த் குழி, ஆபீஸுக்கு வேற எர்த் குழி. மின்னல் தரைல எறங்கறப்ப இந்தக் குழிக்கும் அந்தக் குழிக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல வோல்ட் வித்தியாசம் வரும், அது சமமாகறதுக்கு ஒரு வழி தேடும், நீங்க கட்டி விட்ட லேன் கேபிள்தான் அந்த வழி. லேன் போர்ட்டுக்குள்ள ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும், 1500 வோல்ட் வரைக்கும் ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்கணும்ங்கறது ஈதர்நெட் தரத்துல இருக்கற கணக்கு. சாதாரண சின்னச் சின்ன கோளாறுக்கு அது தாங்கும், இடிக்குத் தாங்காது. அது உடைஞ்சா அடுத்தது சிப், சிப்பைத் தாண்டினா ஸ்லாட் வழியா நேரா மதர்போர்டு. அந்தக் கம்பெனில நடந்தது இதேதான்.

நான் போய் முதல்ல அந்தக் கேபிளைக் கழட்டி வீசினேன். ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்டர் (லேன் சிக்னலை ஒளியா மாத்தற டப்பா), நடுவுல ஃபைபர். கண்ணாடி இழைல கரன்ட் போகாது, அவ்வளவுதான் விஷயம். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு, ஃபைபருக்கு அந்தக் கவலையும் இல்ல. இப்ப அங்க இடி இடிச்சா யாரும் எனக்குப் போன் பண்றதில்ல.

ஃபைபர் போடறதுலயும் ரெண்டு எடம் வழுக்கும். ஒத்தை இழைல ஓடற கன்வெர்டர் ஏ, பி-ன்னு ஜோடியாத்தான் வேணும், ஒண்ணு 1310 நானோமீட்டர்ல அனுப்பும், இன்னொண்ணு 1550ல. ரெண்டும் ஏ-வா வாங்கிட்டு வந்து லிங்க் லைட் எரியலேன்னு உக்காந்திருக்காதீங்க. ரெண்டாவது, கம்பத்துல இழுக்கற டிராப் ஃபைபர் கேபிள்ல தாங்கறதுக்குன்னு பக்கவாட்டுல ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதையும் சேர்த்து ரூமுக்குள்ள கொண்டாந்து கேபினெட் மேல சுத்தி வெச்சீங்கன்னா ஃபைபர் போட்டதே தண்டம். அந்தக் கம்பியை வெளிய சுவத்து ஊக்கோட நிறுத்தி வெட்டிருங்க, உள்ள வர்றது வெறும் இழையா இருக்கணும்.

இது கம்பெனிக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. கடையிலிருந்து எதிர்ல இருக்கற குடோனுக்கு, அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு, மொட்டை மாடில இருக்கற வயர்லெஸ் நெட் ரேடியோவிலிருந்து கீழ் ரூமுக்கு, தோட்டத்துல இருக்கற கேமராவுக்கு, எல்லாம் இதே கதை. ஃபைபருக்கு இப்ப காசு இல்லேன்னா இடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லேன் கேபிளைப் பிடுங்குங்க. நம்ம ஆளுங்க கரன்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிட்டு நிம்மதியா தூங்கறாங்க, லேன் கேபிள் அப்படியே மாட்டியிருக்கும். ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கோம்ங்கறதும் அதே கதைதான், அது பாக்கறது கரன்ட் லைனை, லேன் லைனை இல்ல.

அப்படியே எர்த்தையும் பாத்துருங்க. கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு லேசா இழுக்குதா? எர்த் வேலை செய்யலேன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ல இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர், எர்த் இல்லாத கேபினெட்டுக்கு பாதி வோல்டேஜைக் கசிய விடும். மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜ்ல வெச்சு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பாருங்க, 230 பக்கம் காட்டணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். நம்ம ஊரு பாறை மண்ணு, கோடைல எர்த் குழி காய்ஞ்சு கெடக்கும், போன வருஷம் நல்லா காட்டின எடத்துல இந்த வருஷம் ஒண்ணும் காட்டாது. குழிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. ஓனர் சிரிப்பாரு, பரவால்ல, ஊத்தச் சொல்லுங்க.

கார்டு மாட்டறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு, செத்த ஆன்போர்டு சிப்பை விரலால தொட்டுப் பாருங்க. பின்னாடி லேன் போர்ட்டுகிட்ட சின்னதா சதுரமா இருக்கும், பெரும்பாலும் ரியல்டெக், மேல நண்டு படம் போட்டிருக்கும். சிஸ்டம் ஓடறப்ப விரல் வைக்க முடியாத சூடு இருந்தா அது உள்ள ஷார்ட். பயாஸ்ல ஆஃப் பண்ணினாலும் சூடு தணியலேன்னா அந்த போர்டு ரொம்ப நாள் தாங்காது, அதை கஸ்டமர்கிட்ட அன்னிக்கே சொல்லிருங்க, ரெண்டு மாசம் கழிச்சு நீங்க கார்டு மாட்டினதாலதான் போச்சுன்னு வந்து நிப்பாரு.

ஸ்க்ரூ

போடுங்க. கார்டுத் தகட்டைப் பிடிச்சு நிறுத்த இருக்கறதே ஒண்ணு.

டிரைவர்

நெட் வர்றதுக்கு கார்டை ஓட வைக்கற டிரைவர் சாஃப்ட்வேர் வேணும், டிரைவர் எறக்க நெட் வேணும். கார்டுல இருக்கற சிப் நம்பரைப் பாத்து பென் டிரைவ்ல முன்னாடியே ஏத்திட்டுப் போங்க. மறந்துட்டா போனை யுஎஸ்பில மாட்டி டெதரிங் போடுங்க, போன் நெட் சிஸ்டத்துக்கு வந்துரும்.

பழைய ஐபி அட்ரஸ் அங்கயே உக்காந்திருக்கறது

பில்லிங் போடற கடைல மெயின் சிஸ்டத்துக்கு 192.168.1.10ன்னு ஒரு ஐபியை, அதாவது நெட்வொர்க்ல அந்த சிஸ்டத்தோட நம்பரை, நிலையா குடுத்து வெச்சிருப்பாங்க, மத்த கவுண்டர் எல்லாம் அந்த நம்பரைத்தான் தேடும். புதுக் கார்டுக்கு அதே நம்பரைப் போட்டா விண்டோஸ், இந்த ஐபி ஏற்கனவே இன்னொரு அடாப்டருக்கு இருக்கு, ஆனா அந்த அடாப்டர் இப்ப சிஸ்டத்துல இல்லன்னு ஒரு மெசேஜ் காட்டும். பசங்க பயந்து போயி வேற நம்பர் போட்டுட்டு ஒவ்வொரு கவுண்டரா போய் மாத்திட்டு இருப்பாங்க. தேவையே இல்ல. டிவைஸ் மேனேஜர்ல வியூ மெனுல மறைஞ்சிருக்கற டிவைஸைக் காட்டச் சொல்லுங்க, பழைய அடாப்டர் மங்கலா தெரியும், அன்இன்ஸ்டால் பண்ணிட்டு பழைய நம்பரையே போடுங்க.

மேக் அட்ரஸ்

மேக் அட்ரஸ்ங்கறது ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியா இருக்கற அடையாள நம்பர், புதுக் கார்டுன்னா புது மேக் அட்ரஸ். சில லோக்கல் நெட்காரங்க பழைய மேக் அட்ரஸோட லைனைப் பூட்டி வெச்சிருப்பாங்க, கார்டு நல்லா இருக்கும், லைட் எரியும், நெட் மட்டும் வராது. நீங்க கார்டை மறுபடி மறுபடி கழட்டி மாட்டிட்டு இருப்பீங்க. சில சாஃப்ட்வேர் லைசென்ஸும் மேக் அட்ரஸைத்தான் புடிச்சிட்டு இருக்கும், டிசைன் வேலை பாக்கற எடத்துல கேட்டுக்கிட்டே கை வைங்க. கார்டு மேல ஸ்டிக்கர்ல அந்த நம்பர் இருந்தா கேபினெட்டை மூடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து நெட்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை அவரு போன் எடுக்க மாட்டாரு.