லாக்டவுனில் யாருக்கு உதவி கிடைத்தது? மெல்பர்னுக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு

2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை மெல்பர்ன் நகரம் ஆறு முறை லாக்டவுனில் இருந்தது. மொத்தம் 262 நாட்கள். கடுமையான கட்டத்தில் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, நடைப்பயிற்சிக்கு ஒரு மணி நேரம்தான், இரவு 8 மணிக்கு ஊரடங்கு. இன்று விமான நிலையத்தில் பெட்டியோடு இறங்கும் ஒருவருக்கு இதெல்லாம் முடிந்துபோன கதை. இருந்தாலும் புதிதாக வருபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அந்த நாட்களில் சமாளித்த குடும்பங்களையும் திண்டாடிய குடும்பங்களையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். சமாளித்தவர்கள் பலர், நெருக்கடிக்கு முன்பே சில சின்ன வேலைகளை முடித்து வைத்திருந்தார்கள். குடும்ப டாக்டர் ஒருவர், கையில் பே ஸ்லிப், தங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம், அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது என்ற விவரம். நீங்களும் வந்த முதல் இரண்டு மாதத்துக்குள் அவற்றை முடித்துவிடுங்கள்.

அரசு என்பது ஒன்றல்ல

ஊரில் நாம் "கவர்மெண்ட்" என்று பொதுவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே மத்திய அரசு, மாநில அரசு, உள்ளூர் கவுன்சில் என்று மூன்று உண்டு. ஒன்று மறுத்தால் மற்றதும் மறுக்கும் என்று அர்த்தமில்லை. லாக்டவுனில் இது நன்றாகவே தெரிந்தது.

2020 மார்ச் 30 முதல் மத்திய அரசு ஜாப்கீப்பர் என்ற திட்டத்தில், வேலை போகாமல் இருக்க, ஓர் ஊழியருக்கு இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் என்று முதலாளிகள் வழியாகக் கொடுத்தது. நியூசிலாந்துக்காரர்களைத் தவிர, தற்காலிக விசாவில் இருந்த யாருக்கும் அது கிடையாது. மாணவர்கள், வேலை விசாக்காரர்கள், புகலிடம் கோரி, முடிவு வரும்வரை தரும் பிரிட்ஜிங் விசாவில் இருந்த ஈழத் தமிழர்கள் எல்லாரும் வெளியே. அந்த ஏப்ரல் தொடக்கத்தில், சொந்தச் செலவைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் நாடு திரும்பலாம் என்றார் அப்போதைய பிரதமர் ஸ்காட் மோரிசன். விமானங்களோ ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. வரி கட்டி, கட்டணம் கட்டி இங்கே வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆனால் அதே மாதம், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு 1,100 டாலர் வரை கொடுக்கும் நிதியை அறிவித்தது. எந்த உதவிக்கும் தகுதியில்லாத தற்காலிக விசாக்காரர்களுக்கு, மாநிலப் பணத்தை செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கொடுத்தார்கள். கோவிட் பரிசோதனை செய்துவிட்டு முடிவு வரும்வரை வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு 450 டாலர். "நமக்குத்தான் எதுவும் இல்லையே" என்று ஜாப்கீப்பர் செய்தியோடு தேடுவதை நிறுத்தியவர்கள் இதையெல்லாம் தவறவிட்டார்கள். அப்புறம் 2021-இல் மத்திய அரசே மனம் மாறி, வேலை செய்ய அனுமதியுள்ள விசா இருந்தால் போதும் என்று வாரம் 450 அல்லது 750 டாலர் பேரிடர் உதவி கொடுத்தது. ஆகவே ஒரு கதவு மூடியிருந்தால் மாநிலம், கவுன்சில், தொண்டு நிறுவனம் என்று வரிசையாகத் தட்டுங்கள். சில மாதம் கழித்து முதல் கதவையே மறுபடி தட்டுங்கள்.

நிரந்தர விசாவில் வருபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பிஆர் கிடைத்ததும் எல்லாச் சலுகையும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வேலை இல்லாதவர்களுக்கான ஜாப்சீக்கர் பணத்துக்கு, புதிதாக வந்தவர்கள் பொதுவாக நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2020 மார்ச் கடைசியிலிருந்து ஓர் ஆண்டு மட்டும் அந்தக் காத்திருப்பைத் தள்ளி வைத்தார்கள். பிறகு விதி திரும்ப வந்துவிட்டது. ஆகவே வரும்போது கொண்டுவரும் சேமிப்பில் மூன்று மாதச் செலவைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். கார் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

131 450

இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். டிஐஎஸ் நேஷனல் என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவை இது. 24 மணி நேரமும் உண்டு, 150-க்கும் மேற்பட்ட மொழிகள், அதில் தமிழும் ஒன்று.

அழைத்தால் எந்த மொழி வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். "தமிழ்" என்ற ஒரு சொல் போதும். சற்றுக் காத்திருந்தால் தமிழ் பேசும் ஒருவர் லைனில் வருவார். எந்த அலுவலகத்தோடு பேச வேண்டும், அதன் தொலைபேசி எண் என்ன என்று கேட்பார்கள். அதைக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள். பிறகு மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருப்பீர்கள். அரசு அலுவலகங்களிலும் பொது மருத்துவமனைகளிலும் மொழிபெயர்ப்புக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிட்டால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

"நம்ம ஆட்கள்தானே, விஷயம் வெளியே போய்விடுமோ" என்ற பயம் பலருக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். தெரிந்தவராக இருந்தால் வேறொருவரைக் கேட்கலாம். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தயவுசெய்து. லாக்டவுனில் டாக்டர்கள் போனிலேயே நோயாளிகளைப் பார்த்தபோது பல வீடுகளில் மகனோ மகளோதான் இடையில் நின்றார்கள். மகன் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கும்போது எந்த அம்மா "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வார்? மாதக்கணக்கில் யாரையும் பார்க்காமல், கோவிலுக்கும் போகாமல் அறைக்குள்ளேயே இருந்த பெரியவர்கள் அதைச் சொல்லாமலே விட்டார்கள். மனச்சோர்வு இருந்தால் குடும்ப டாக்டரிடம் மனநலத் திட்டம் ஒன்று எழுதித் தரும்படி கேளுங்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு உளவியல் ஆலோசனைச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். போரிலும் சிறையிலும் சித்திரவதைப்பட்டு வந்தவர்களுக்கென்றே இந்த மாநிலத்தில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் என்ற அமைப்பு இருக்கிறது. நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் லைஃப்லைன், 13 11 14.

காகிதங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, படித்துக்கொண்டே ஓர் உணவகத்தில் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தார். பே ஸ்லிப் இல்லை, வங்கிக் கணக்கில் ஒரு வரி இல்லை. 2021-இல் பேரிடர் உதவிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை போயிற்று என்ற கேள்வியில் அப்படியே நின்றுவிட்டார். எட்டு மணி நேரம் போயிருந்தால் 450, இருபது மணி நேரம் போயிருந்தால் 750. அவருக்குப் போனது முப்பது மணி நேரம். காட்டத்தான் ஒன்றும் இல்லை. முதலாளியோ போனை எடுக்கவில்லை.

சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காசாகக் கொடுத்தாலும் அதுவே விதி. எந்த விசாவில் இருந்தாலும் குறைந்தபட்சச் சம்பளம் உங்களுக்கும் உண்டு. கொடுக்கவில்லை என்றால், வேலைச் சட்டத்தைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஓம்பட்ஸ்மன் அலுவலகத்தை அழையுங்கள், 13 13 94. அதுவரை எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலை என்று போனிலாவது தினமும் குறித்து வையுங்கள்.

வாடகை விஷயமும் அப்படித்தான். லாக்டவுனில் வாடகை கட்ட முடியாதவர்களுக்கு மாநில அரசு முதலில் 2,000, பிறகு 3,000 டாலர் வரை கொடுத்தது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல், நண்பரின் நண்பர் எடுத்த வீட்டில் அறை வாங்கித் தங்கியவர்களால் அதைத் தொட முடியவில்லை. முன்பணம் கட்டினால் அது வீட்டுக்காரர் பையில் இருக்கக் கூடாது. வாடகை முன்பணத்துக்கான அரசு ஆணையத்தில் இருக்க வேண்டும், ரசீது உங்களுக்கு வர வேண்டும்.

ஆம்புலன்ஸ்: விக்டோரியாவில் மெடிகேர் அதற்குப் பணம் தராது. ஆம்புலன்ஸ் விக்டோரியாவில் ஆண்டுச் சந்தா கட்டிவிடுங்கள்.

சாப்பாடு கேட்பதில் வெட்கம் வேண்டாம்

முதல் லாக்டவுனிலேயே சீக்கிய வாலண்டியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பின் வேன்கள் தென்கிழக்குப் புறநகர்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. சூடான சைவச் சாப்பாடு, இலவசம். எந்த நாடு, என்ன விசா என்று ஒரு கேள்வி கிடையாது. புகலிடம் கோரியவர்களுக்கு ஃபுட்ஸ்கிரேயில் உள்ள அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர் மளிகைப் பொருள்களை வீட்டுக்கே அனுப்பியது. 2001-இல் தொடங்கிய அந்த நிலையம் இன்றும் உணவு, மருத்துவம், சட்ட உதவி எல்லாம் கொடுக்கிறது.

நம்மவர்கள் பலர் கேட்கத் தயங்கினார்கள். கௌரவம் ஒரு பக்கம். பதிவு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்ற அச்சம் இன்னொரு பக்கம். உணவு வங்கியில் ஒரு பை அரிசி வாங்கியதற்காக யார் விசாவும் ரத்தாவதில்லை. கோவிட் தடுப்பூசிகூட மெடிகேர் இல்லாதவர்களுக்கும் இலவசமாகத்தான் போட்டார்கள்.

வீட்டுக்குள் அடி, மிரட்டல், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, பணத்தைக் கண்ணில் காட்டாமல் இருப்பது நடந்தால், அதைக் குடும்ப விஷயம் என்று மூடி வைக்காதீர்கள். லாக்டவுன் உச்சத்தில் இருந்தபோதும், வன்முறையிலிருந்து தப்பிக்க எந்த நேரத்திலும் எவ்வளவு தூரமும் போகலாம் என்று விதியே இருந்தது. அது தெரியாமல் உள்ளேயே கிடந்தவர்கள் உண்டு. குடும்ப வன்முறைக்கு உதவும் சேஃப் ஸ்டெப்ஸ் எண் 1800 015 188, 24 மணி நேரமும். துணைவர் விசாவில் இருப்பவர்களுக்கு, வன்முறையால் உறவு முறிந்தாலும் நிரந்தர விசா பெற வழி இருக்கிறது. பல்பண்பாட்டுப் பெண்களுக்கான இன்டச் அமைப்பில் கேளுங்கள்.

இரண்டு மொழி தெரிந்தால் வேலை இருக்கிறது

2020 ஜூலை 4, சனிக்கிழமை மாலை. ஃப்ளெமிங்டனிலும் நார்த் மெல்பர்னிலும் ஒன்பது அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரங்களை, கோவிட் பரவுகிறது என்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூடினார்கள். சுமார் 3,000 பேர் உள்ளே, பெரும்பாலும் குடியேறிகளும் அகதிகளாக வந்தவர்களும். கீழே போலீஸ் நிற்கிறது, ஏன் என்று அவர்களுடைய மொழியில் சொல்ல ஆளில்லை. அங்கிருந்த இளைஞர்களே செய்தியை மொழிபெயர்த்துச் சமூக வலைத்தளங்களில் போட்டார்கள், சாப்பாட்டுப் பைகளைச் சேர்த்து அனுப்பினார்கள். அப்படி உடனடியாக அடைத்தது மனித உரிமை மீறல் என்று அரசு அலுவலகங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் விக்டோரியாவின் அப்போதைய ஓம்பட்ஸ்மன் டெபரா கிளாஸ் அந்த டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்.

அதன் பிறகுதான் மொழி தெரிந்தவர்களின் அருமை எல்லாருக்கும் உறைத்தது. கோஹெல்த் என்ற சமூக சுகாதார நிறுவனம், கோபுரங்களில் வசித்தவர்களையே சம்பளத்துக்கு எடுத்து, வாசலில் நின்று சுகாதாரத் தகவல் சொல்லும் வேலையைக் கொடுத்தது. இரு பண்பாட்டுப் பணியாளர் என்று இதற்குப் பெயர். இன்று கவுன்சில்கள், மருத்துவமனைகள், முதியோர் சேவை நிறுவனங்கள் எல்லாம் இப்படி ஆள் எடுக்கின்றன. ஊரில் ஆசிரியராகவோ நர்ஸாகவோ இருந்துவிட்டு, இங்கே சான்றிதழ் செல்லுபடியாகும்வரை கிடங்கில் பெட்டி தூக்குபவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த வேலையைத்தான்.

மொழிபெயர்ப்பையே தொழிலாக எடுக்க விரும்பினால், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றிதழ் தரும் நாட்டி (NAATI) அமைப்பின் தேர்வு எழுத வேண்டும், தமிழிலும் உண்டு. திறன்சார் விசாவுக்கு முயல்பவர்களுக்கு நாட்டியின் சிசிஎல் (CCL) என்ற இருமொழித் தேர்வில் தேறினால் விசாவுக்கான கணக்கில் ஐந்து புள்ளி கிடைக்கும். ஆங்கிலம் போதவில்லை என்றால், நிரந்தர விசாக்காரர்களுக்கும் சில தற்காலிக விசாக்காரர்களுக்கும் ஏஎம்இபி (AMEP) என்ற அரசு ஆங்கில வகுப்பு இலவசம். முன்பு 510 மணி நேரம் என்று ஒரு வரம்பு இருந்தது. 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனிலும் படிக்கலாம், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் பதிவு செய்யக் காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

முதியோர் பராமரிப்பு, நர்சிங், சமூக சேவை போன்ற படிப்புகளுக்கு, டேஃப் (TAFE) என்ற அரசுத் தொழிற்கல்வி நிலையங்களில் இலவச டேஃப் திட்டம் இருக்கிறது. அது குடியுரிமையோ நிரந்தர விசாவோ உள்ளவர்களுக்கு. புகலிடம் கோரியவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியவில்லையா? பக்கத்து நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினராக ஒரு பைசா வேண்டாம், கணினியும் இணையமும் இலவசம், பல நூலகங்களில் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பும் நடக்கிறது. முகவரி காட்டும் ஒரு கடிதத்தை எடுத்துப் போனால் அன்றே அட்டை கொடுத்துவிடுவார்கள்.