ஊரடங்கு ஆண்டின் ராயல்டிக் கணக்கைப் படிப்பது எப்படி?

பாடல்களைப் பயன்படுத்துவோரிடம் உரிமத் தொகை வசூலித்து உரியவர்களுக்குப் பங்கிடுவது இசை உரிமைச் சங்கத்தின் வேலை. அப்படிப்பட்ட பிரிட்டனின் பிஆர்எஸ் ஃபார் மியூசிக் சங்கம் 2020இல் வசூலித்த தொகை 65.05 கோடி பவுண்டு. முந்தைய ஆண்டு அது 81.08 கோடி. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் அதே 2020இல் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் அது பட்டுவாடா செய்தது 69.94 கோடி. 2019இல் கொடுத்த 68.6 கோடியைவிட இது இரண்டு விழுக்காடு கூடுதல். வசூல் சரிந்த வருடத்தில் பட்டுவாடா ஏறியிருக்கிறது, அதுவும் வசூலையே தாண்டி.

இதைப் பார்த்துச் சிலர் "சங்கம் சமாளித்துவிட்டது" என்றார்கள். வேறு சிலர் "இருப்பைக் கரைக்கிறார்கள்" என்றார்கள். இரண்டுமே ஒரே ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்வது. மழை பொய்த்த ஆண்டிலும் ஏரியில் தேங்கிய நீர் மடைவழியே பாயும். வயல் காய்வது அடுத்த பருவத்தில். இசை உரிமைச் சங்கமும் அப்படித்தான். உள்ளே வரும் பணமும் வெளியே போகும் பணமும் ஒரே காலத்துக்குரியவை அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டறிக்கையைக் கையில் எடுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள்

அறிக்கையின் அட்டையில் "2020" என்று இருந்தால் போதாது. அந்த நிதியாண்டு எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள். பிஆர்எஸ், பிரான்சின் சாசெம், அமெரிக்காவின் ஆஸ்காப் ஆகிய மூன்று சங்கங்களும் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைப்பவை. அமெரிக்காவின் இன்னொரு சங்கமான பிஎம்ஐயின் கணக்கு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். அது 2020 ஜூனில் முடிந்த ஆண்டுக்கு 131.1 கோடி டாலர் வருவாய் காட்டியது. அதுவரை அதன் வரலாற்றிலேயே அதிகம். ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதங்களில் ஊரடங்கின் பங்கு மூன்றரை மாதந்தான். அதை பிஆர்எஸ்ஸின் 2020உடன் ஒப்பிட்டு "அமெரிக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவரிடம் தேதியைக் காட்டுங்கள்.

இந்தியாவின் ஐபிஆர்எஸ் சங்கத்துடையது ஏப்ரல்–மார்ச் கணக்கு. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 25. அதனால் 2019–20 கணக்கில் அதன் நிழல் ஒரு வாரம் மட்டுமே. அடி முழுவதும் 2020–21இல்தான் விழும்.

காலண்டர் ஆண்டிலும் ஒரு பொறி உண்டு. பிரிட்டனில் பப்புகள் மூடப்பட்டது மார்ச் 20, பொது ஊரடங்கு மார்ச் 23. ஆகவே "2020 வருவாய்" என்பதில் ஏறத்தாழ மூன்று மாதம் வழக்கமான வருமானம். மொத்தச் சரிவு 20 விழுக்காடு என்றால், கதவு மூடியிருந்த மாதங்களின் சரிவு அதைவிட ஆழமானது.

வருவாயைக் கூறு போடுங்கள்

மொத்தத் தொகையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பெரும்பாலான சங்கங்களின் வருவாய் முக்கியமாக நான்கு வாய்க்கால்களில் வரும்: பொது இடங்களில் நிகழ்த்துதல், ஒளி-ஒலிபரப்பு, இணையம், வெளிநாடு. பெருந்தொற்று நான்கையும் நான்கு விதமாகத் தொட்டது.

பொது நிகழ்த்துரிமைதான் முதலில் விழுந்தது. பிஆர்எஸ்ஸில் இந்த இனம் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அதற்குள் நேரடிக் கச்சேரி வருமானம் மட்டும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மறைந்தது. காரணம், கச்சேரிக்கான உரிமத் தொகை டிக்கெட் வசூலில் ஒரு பங்கு. பிரிட்டனில் சுமார் 4 விழுக்காடு. டிக்கெட் விற்கவில்லை என்றால் அந்தப் பங்கும் பூஜ்யம். கடை, பப், உணவகங்களின் கதை வேறு. அவை ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் கட்டுகின்றன. 2018 முதல் இதை வசூலிப்பது, பிஆர்எஸ்ஸும் ஒலிப்பதிவு உரிமையைப் பார்க்கும் பிபிஎல் சங்கமும் சேர்ந்து நடத்தும் பிபிஎல் பிஆர்எஸ் என்ற கூட்டு நிறுவனம். ஆண்டுத் தொகையை ஏற்கெனவே கட்டிய கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் அந்த நாட்களுக்கான பணம் கழிவாகத் திரும்பும். கவனிக்க வேண்டிய இடம் இது. அந்தக் கழிவு அடுத்த இன்வாய்ஸில் குறையும் என்பதால், கடை திறந்த பிறகும் வருமானம் உடனே பழைய அளவுக்கு வராது. வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் இதே இடத்தில் பாருங்கள். மூடிய பப்புகளில் சில திரும்பத் திறக்கவே இல்லை.

ஒளி-ஒலிபரப்பில் இரண்டு வகை ஒப்பந்தங்கள். பிபிசி போன்றவை ஒட்டுமொத்த உரிமத்துக்கு ஒரு தொகை பேசிக் கட்டுகின்றன. அது சட்டென ஆடாது. வணிக வானொலிகள் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு கட்டுகின்றன. மக்கள் வீட்டில் அடைந்து அதிகமாகக் கேட்டாலும், விளம்பரதாரர் கைவிரித்தால் ராயல்டி குறையும். கேட்பவர் எண்ணிக்கைக்கும் ராயல்டிக்கும் நேர்த் தொடர்பில்லை.

இணையம் ஏறியது. உலகச் சங்கங்களின் கூட்டமைப்பான சிசாக் கணக்குப்படி 2020இல் டிஜிட்டல் வசூல் 16.6 விழுக்காடு கூடி சுமார் 240 கோடி யூரோ ஆனது; நேரடி நிகழ்ச்சியும் பின்னணி இசையும் சேர்ந்த இனம் 45 விழுக்காடு விழுந்தது; எல்லாம் சேர்ந்த மொத்தம் 9.9 விழுக்காடு குறைந்து 932 கோடி யூரோ. எந்தச் சங்கம் எவ்வளவு அடிபட்டது என்பது, அதன் கல்லாப்பெட்டியில் எந்த இனம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கச்சேரி, கடைகள், நடன அரங்குகளை அதிகம் நம்பிய சாசெம் 112 கோடி யூரோவிலிருந்து 98.85 கோடிக்கு இறங்கியது. ஆஸ்காப் அதே காலண்டர் ஆண்டில் 4 விழுக்காடு ஏறி 132.7 கோடி டாலரைத் தொட்டது. நிர்வாகத் திறமையை அளப்பதற்கு முன் இந்தக் கலவையைப் பாருங்கள்.

இணைய எண்ணில் ஒரு எச்சரிக்கை. பெரிய தளம் ஒன்றுடன் ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தானால், மூன்று நான்கு ஆண்டு நிலுவை ஒரே ஆண்டில் வந்து சேரும். அறிக்கையின் குறிப்புகளில் "முந்தைய காலத்துக்கான", "ஒருமுறை வரவு" என்ற பொருளில் ஏதேனும் இருந்தால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு வளர்ச்சியைக் கணக்கிடுங்கள்.

வெளிநாட்டு வருமானம்தான் எல்லாரையும் ஏமாற்றுவது. லண்டன் உணவகத்தில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டுக்கான பணம், முதலில் பிரிட்டன் சங்கத்தில் வசூலாகி, அங்கே பங்கிடப்பட்டு, பிறகு இந்தியச் சங்கத்துக்கு வந்து, அதன் பின்தான் உரியவர் கைக்கு வரும். நிகழ்த்திய நாளிலிருந்து 12 முதல் 24 மாதம் சாதாரணம். ஆகவே 2020 அறிக்கையில் வெளிநாட்டு வரவு ஓரளவு தாக்குப்பிடித்தது என்றால், அது பெரும்பாலும் 2018, 2019இன் பணம். 2020இன் வெளிநாட்டு அடியை 2021, 2022 அறிக்கைகளில் பாருங்கள்.

வசூலையும் பட்டுவாடாவையும் மூன்று ஆண்டுக்கு அடுத்தடுத்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும். பிஆர்எஸ் கணக்கு இப்படி இருக்கும்:

2019: வசூல் 81.08 கோடி, பட்டுவாடா 68.6 கோடி பவுண்டு.
2020: வசூல் 65.05 கோடி, பட்டுவாடா 69.94 கோடி.
2021: வசூல் 77.71 கோடி, பட்டுவாடா 67.72 கோடி.

மூன்றாவது வரியைப் பாருங்கள். வசூல் மீண்டு எழுந்த ஆண்டில் பட்டுவாடா குறைந்தது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் கையில் பெருந்தொற்றின் அடி வந்து சேர்ந்தது 2021இல்தான். செய்திகள் "மீட்சி" என்று எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுடைய காலாண்டு ராயல்டிச் சீட்டு மெலிந்துகொண்டிருந்தது.

இந்தத் தாமதத்துக்கு விதியும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு கூட்டு உரிம மேலாண்மை நெறிமுறைப்படி, வசூலான நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் பணத்தைப் பங்கிட வேண்டும். 2019இல் வந்ததன் ஒரு பகுதி 2020இல் பட்டுவாடா ஆவது அதனால் இயல்பு. ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் வெளிப்படைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்பதும் அதே நெறிமுறை. உங்களுக்கு வேண்டிய எண்கள் பளபளப்பான ஆண்டு மலரில் இருக்காது. இந்த அறிக்கையின் பின்பக்க அட்டவணைகளில் "வசூலாகி இன்னும் பங்கிடப்படாதது" என்ற வரியில் இருக்கும். ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தத் தொகை எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். ஓராண்டில் கணிசமாகச் சுருங்கியிருந்தால், அடுத்த ஆண்டுப் பட்டுவாடாவுக்கு நீர் குறைவு என்று பொருள்.

இன்னொரு குழப்பம்: பிஆர்எஸ் பார்ப்பது பாடலின் (வரி, மெட்டு) உரிமையை. ஒலிப்பதிவின் உரிமையைப் பார்ப்பது பிபிஎல். அதன் 2020 வசூல் 22.57 கோடி பவுண்டு, 17 விழுக்காடு சரிவு. இரண்டு சங்கங்களின் எண்களையும் ஒரே வரிசையில் போட்டுவிடாதீர்கள்.

செலவு விகிதம்

வருமானம் விழும் வேகத்தில் செலவு விழாது. கணினி அமைப்பு, ஊழியர், வாடகை எல்லாம் அப்படியே நிற்கும். ஒரு கற்பனைச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். வருவாய் 80, செலவு 9.6, விகிதம் 12 விழுக்காடு. வருவாய் 64க்கு இறங்குகிறது. செலவை இறுக்கி 8.8 ஆக்குகிறார்கள். விகிதம் 13.75. பங்கிடக் கிடைப்பது 70.4இலிருந்து 55.2. வருவாய் 20 விழுக்காடு குறைய, உறுப்பினர் பங்கு 21.6 விழுக்காடு குறைகிறது. விகிதம் ஏறியதற்காக மட்டும் நிர்வாகத்தைத் திட்ட வேண்டாம்; ரூபாய்க் கணக்கிலோ பவுண்டுக் கணக்கிலோ செலவு குறைந்ததா என்று பாருங்கள். குறைந்திருந்தால், எதனால் என்றும் பாருங்கள். பயணம் நின்றது, போனஸ் நின்றது, அரசு ஊதிய உதவி வந்தது என்றால் அவை ஒருமுறைச் சேமிப்பு. அடுத்த ஆண்டு திரும்ப ஏறும்.

உதவித் தொகையா, முன்பணமா?

2020 மார்ச்சில் ஜெர்மனியின் கெமா சங்கம் சுமார் 4 கோடி யூரோ உதவித் திட்டம் அறிவித்தது. அதில் இரண்டு கூறுகள்: மேடையில் பாடி வாழும் பாடலாசிரியர்களுக்கு வருங்காலப் பட்டுவாடாவின் மேல் முன்பணம், நெருக்கடியில் இருப்போருக்கு ஒருமுறை உதவி. பிஆர்எஸ் உறுப்பினர்களுக்கும் 1000 பவுண்டு வரை அவசர உதவி கிடைத்தது.

உதவியும் முன்பணமும் வேறு வேறு. உதவி திரும்பக் கொடுக்க வேண்டியதல்ல. முன்பணம் உங்கள் அடுத்த ஆண்டு ராயல்டியிலிருந்து பிடிக்கப்படும். அதாவது ஏற்கெனவே மெலிந்த சீட்டு இன்னும் மெலியும். சங்கத்தின் கணக்கிலும் முன்பணம் என்பது உறுப்பினர்களிடமிருந்து வரவேண்டிய கடன்; சிலரிடமிருந்து அது வராமலே போகலாம். அந்த நட்டம் எந்தத் தலைப்பில் போகிறது என்று பொதுக்குழுவில் கேட்கலாம்.

உங்கள் சொந்தக் கணக்கு

அடுத்து வரும் கணக்கின் எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. 2019இல் உங்கள் ராயல்டி 100 என்க: கச்சேரியும் கடைகளும் 35, டிவி-வானொலி 25, ஸ்ட்ரீமிங் 15, வெளிநாடு 25. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: எவ்வளவு குறையும், எப்போது குறையும்?

கச்சேரி 60 விழுக்காடு குறையும். ஆனால் ஆறு மாதம் தாமதம். எனவே 2020இல் முதல் பாதி 17.5, மறுபாதி 7, மொத்தம் 24.5. டிவி-வானொலி 24. ஸ்ட்ரீமிங் 16. வெளிநாடு இன்னும் 25. கூட்டினால் 89.5; பரவாயில்லை என்று தோன்றும். 2021இல் கச்சேரி 14, டிவி-வானொலி 23, ஸ்ட்ரீமிங் 17, வெளிநாடு 20. கூட்டினால் 74. வீட்டுக் கடன் தவணையை 89.5ஐ வைத்துத் திட்டமிட்டவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்ட்ரீமிங் ஏறியது உண்மை. ஆனால் 15இல் இரண்டு கூடுவது 35இல் 21 போவதை ஈடுகட்டாது.

இழப்பைக் கொஞ்சம் மீட்க வழியும் உண்டு. 2020 ஜனவரி முதல் மார்ச் நடு வரை நடந்த கச்சேரிகளின் பாடல் பட்டியலைப் பலர் பதட்டத்தில் சங்கத்துக்கு அனுப்பவே இல்லை. பட்டியல் இல்லாத கச்சேரியின் பணம் உரியவர் தெரியாத தொகையாகத் தேங்கும்; கோரிக்கைக்குக் காலக்கெடுவும் உண்டு. ஐரோப்பிய நெறிமுறைப்படி, வசூலான நிதியாண்டு முடிந்து மூன்று ஆண்டு ஆகியும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அது பங்கிட முடியாத தொகையாகும். பிறகு அதை என்ன செய்வது என்று பொதுக்குழு முடிவெடுக்கும்.

இணையவழிக் கச்சேரியைத் தனியாகப் பதியுங்கள். அரங்கக் கச்சேரியின் படிவத்தில் எழுதினால் நிற்காது. அதற்குக் கட்டணமே வேறு. பிஆர்எஸ் 2021 ஜனவரியில், வசூல் 500 பவுண்டுக்கு உட்பட்ட சிறு இணையக் கச்சேரிகளுக்கு, வசூலைப் பொறுத்து 22.50 அல்லது 45 பவுண்டு என்று கட்டணம் வைத்தது. 250 பவுண்டு வசூலுக்கு 22.50 என்றால் 9 விழுக்காடு, அரங்கக் கட்டணத்தைப் போல இருமடங்குக்கு மேல். கலைஞர்கள் கொதித்தெழுந்தபின், உறுப்பினர்கள் சொந்தப் பாட்டை மட்டும் பாடும் சிறு நிகழ்ச்சிகளுக்கு அதைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தள்ளுபடியில் பாடியவர்கள் கட்டணமும் கட்டவில்லை, ராயல்டியும் பெறவில்லை. ஆகவே அவர்கள் சீட்டில் அந்தக் கச்சேரிகளைத் தேடிப் பயனில்லை.